சர்க்கரை ஆலை ரோட்டில் என் ஓட்டம்

சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்கலாம், அது எல்லாருக்கும் தெரியும். ஓடலாமா? அதுவும் 21 கிலோமீட்டர் ஓடலாமா? இரண்டு வருஷமாக என்னிடம் அக்கம்பக்கத்துச் சகோதரிகள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பெண்ணின் பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். என் உடம்பில் நடந்ததையும், என்னைப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னதையும்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்கும் சர்க்கரைதான். புதுச் செருப்பு கடித்து இடது காலில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள். சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் காலில் நரம்பு மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது என்பதெல்லாம் அப்போது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு அம்மா நாலு வருஷம் இருந்தாள். நாலு வருஷமும் திண்ணையைத் தாண்டி வரவில்லை. நாள் முழுக்க தெருவில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு வந்திருப்பது தெரிந்ததும் தற்செயல்தான். 2021-இல் அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்ததே, அதில் என் மாமியாருக்குப் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வந்த பெண், "நீங்களும் விரலக் காட்டுங்கக்கா" என்று குத்திப் பார்த்தாள். வெறும் வயிற்றில் 190. மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதே, எச்பிஏ1சி என்று, அது 9.1. அது 7-க்குள் இருக்கவேண்டும் என்பார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்கிறது. கரும்புக்குப் பேர்போன எங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் விட்டுவிடுமா? இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது எங்களுக்கு. ஒன்று மூங்கில்துறைப்பட்டில், இன்னொன்று கச்சிராயபாளையத்தில். நான் ஓடுவது அந்தக் கச்சிராயபாளையம் ரோட்டில்தான். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் பின்னால் சிவப்பு விளக்குகூட இல்லாமல் வரிசையாகப் போகும். விளக்கு வைக்காத அந்த டிராக்டர்களைவிட சர்க்கரை வியாதி ஒன்றும் ஆபத்தில்லை என்று எனக்குச் சில நாள் தோன்றுவதுண்டு!

ஓட்டத்துக்கு நான் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள் அல்லவா? அதிலே போக ஆரம்பித்தேன். முதல் நாள் பாதியிலேயே ஆட்டோ பிடித்தேன். நாலு மாதத்தில் எட்டும் சாதாரணமாகிவிட்டது. அப்புறம் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஒரு ஓட்டம், ஒரு நடை. இதை நானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். என் பெண் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஜெஃப் காலோவேன்னு ஒருத்தர் சொன்ன முறைம்மா. 1972 ஒலிம்பிக்ல ஓடின அமெரிக்காக்காரர்" என்றாள். போகட்டும், பெரியவர்கள் ஒரே மாதிரி யோசிப்போம்!

டாக்டரம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இசிஜி எடுத்து, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணுக்கு அனுப்பினார். விழித்திரையில் ரத்தக்குழாய் பலவீனமாக இருந்தால் கடுமையாக ஓடும்போது ரத்தம் கசியலாமாம். ஊசிமுனை மாதிரி ஒரு நைலான் இழையால் இரண்டு பாதத்திலும் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

பிறகு மாத்திரை விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் சாப்பிடுவது மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஓடும்போது தாழ்ந்துவிடும். அதனால் நீள ஓட்டம் இருக்கிற நாளில் எனக்கு அந்த மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுத்திருக்கிறார். இது எனக்குச் சொன்ன அளவு. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும், என்னைப் பார்த்து யாரும் குறைத்துவிடாதீர்கள்.

ஓடப் புறப்படுமுன் விரலில் குத்திப் பார்ப்பேன். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். செருப்பு என்றா எழுதினேன்? ஷூ! 250-க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. இடுப்பில் ஒரு சின்னப் பை. அதிலே சர்க்கரைப் பொட்டலம் மூன்று, ஒவ்வொன்றிலும் மூன்று டீஸ்பூன். கூடவே 'நான் சர்க்கரை நோயாளி' என்று எழுதி, என் கணவர் போன் நம்பரோடு ஒரு சீட்டு.

அந்தப் பொட்டலம் ஒருநாள் உதவியது. போன ஆடி மாதம் 12 கிலோமீட்டர் போய்த் திரும்பும்போது கை நடுங்கியது, நெற்றியில் குப்பென்று வியர்த்தது, எதிரில் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரிந்தது. மைல்கல்மேல் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை வாயில் கொட்டிக்கொண்டேன். பதினைந்து நிமிஷம் கழித்துக் குத்திப் பார், இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் ஒரு பொட்டலம், சரியானபின் பிஸ்கட் மாதிரி ஏதாவது சாப்பிடு என்பது டாக்டரம்மா சொன்ன கணக்கு. அப்படியே செய்தேன். கரும்பு லாரிகள் போகிற ரோட்டில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து சர்க்கரை தின்பதை அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னவர் பைக்கில் கோமுகி அணை வரைக்கும் கொண்டுபோய் விடுவார். அங்கேயிருந்து வெள்ளிமலை போகிற மலைப்பாதையில் ஏறுவேன். கல்வராயன் மலை ஒன்றும் ஊட்டி கொடைக்கானல் இல்லை, 2000 முதல் 3000 அடிதான். ஆனாலும் ஏறுகிற நெஞ்சுக்குத் தெரியும்! மழைக்குப் பிறகு அந்தக் காற்று இருக்கிறதே, மாத்திரை இல்லாமலே பாதி வியாதி போய்விட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் விறகுக்கட்டோடு இறங்கி வந்த மலைக்காரப் பாட்டி ஒருத்தி என்னை நிறுத்தி, "எங்கம்மா இவ்ளோ அவசரம்? பஸ்ஸு பின்னால வருதே!" என்றாள். அவள் தினமும் நடக்கிற தூரத்தைக் கேட்டபிறகு நான் மராத்தான் என்கிற வார்த்தையையே அவளிடம் எடுக்கவில்லை.

ஏறுவதோடு சரி. இறங்கும்போது வண்டியில் உட்கார்ந்துகொள்வேன். இறக்கத்தில் ஓடினால் கால்விரல்கள் ஷூவின் முன்பக்கத்தில் மோதிக்கொண்டே இருக்கும். நகம் கறுத்துப்போகும். மற்றவர்களுக்கு அது ஒரு வாரத்து வலி, எங்களுக்கு அப்படி விடமுடியாது. தினமும் ராத்திரி படுக்குமுன் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிடுவேன். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பேன். எண்ணெய் தடவினால் பாதத்துக்கு மட்டும், விரலிடுக்கில் தடவக் கூடாது. என் பெண்ணுக்கும் இது பழகிவிட்டது. நான் மறந்தால் அவளே கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

மலையிலிருந்து சாமை வாங்கிவந்து சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப்போய்விடும் என்று சொல்கிறார்கள். நானும் வாங்குகிறேன். நார்ச்சத்து இருக்கிறது, அரிசிச் சோறு மாதிரி சட்டென்று ஏற்றுவதில்லை. ஆனால் சாமைதானே என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அதுவும் ஏற்றத்தான் செய்யும். ஒரு கரண்டி சாமைக்கு இரண்டு கரண்டி காய் என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. பிப்ரவரியில் நடக்கிற ஆரோவில் மராத்தானில் 21 கிலோமீட்டர் ஓடுவது என்று முடிவு செய்து, 15 வரைக்கும் வந்துவிட்டிருந்தேன். அந்த ஓட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அது போட்டி இல்லை. பரிசு கிடையாது, யார் முதலில் வந்தார் என்று பார்ப்பது கிடையாது, செம்மண் பாதையில் மரத்தடியிலே ஓடலாம். நம்மை மாதிரி ஆட்களுக்குச் சரியான இடம்.

ஜலதோஷம், மூக்கில் தண்ணீர் என்றால் மெதுவாக ஓடலாம் என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். கழுத்துக்குக் கீழே, அதாவது நெஞ்சில் சளி, உடம்பு வலி, காய்ச்சல் என்றால் ஓடவே கூடாது. காய்ச்சலோடு ஓடினால் கிருமி இதயத்தின் தசையைத் தாக்குகிற ஆபத்து உண்டு. எனக்கு முதல் நாளே 102. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி. ரத்தம் பார்த்ததில் டெங்கு.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு டெங்கு கடுமையாகிவிடுகிற வாய்ப்பு அதிகமாம். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரையெல்லாம் ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால் தொடவே கூடாது. வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காய்ச்சல் இறங்கியதும் 'அப்பாடா' என்று நாம் எழுந்து வேலை பார்க்க ஆரம்பிப்போம். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரம்தான் கவனமாக இருக்கவேண்டிய நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியான தூக்கம் என்று ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்குத் தட்டணுக்கள் 58,000-க்கு இறங்கின. வாயில் கஞ்சிகூட இறங்கவில்லை, ஆனால் சர்க்கரை 310! சாப்பிடாமலே எப்படி ஏறும் என்று என் கணவர் நர்ஸிடம் சண்டைக்குப் போய்விட்டார். காய்ச்சலில் உடம்பு தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில நாள் இன்சுலின் போட்டார்கள். இரண்டு தட்டணுப் பரிசோதனைக்கு நடுவில் படுத்துக்கொண்டு நான் ஓட்டத்தை நினைக்கவில்லை. பெண்ணின் பிளஸ் டூ பரீட்சையை நினைத்தேன், அம்மாவை நினைத்தேன். ஆறாம் நாள் 1,10,000 ஆனது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் நிஜமான கஷ்டம். ஓடினபோது எங்கள் சனம் சிரித்தது. மாமியாரே, "விடியக்காலம் எழுந்து ஓடறியே, ஆருனா தொரத்துறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு தாண்டிவிட்டேன். ஆனால் காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள் மத்தியானம் நான் படுத்திருந்ததைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. "காச்சல் வுட்டுடுச்சில்ல?" என்று நாத்தனார் போனில் கேட்கிறாள். "ஓடற தெம்பு இருக்குது, ஒரு கொடம் தண்ணி தூக்க இல்லியா?" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. ஆண்பிள்ளை காய்ச்சலில் எழுந்தால் பத்து நாள் ரெஸ்ட், பெண்பிள்ளை எழுந்தால் அன்றைக்கே அடுப்படி. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டிலேயே, 'இரண்டு வாரம் பளு தூக்கக் கூடாது, ஓடக் கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். வாயால் சொன்னால் எடுபடாதது, சீட்டில் இருந்தால் எடுபடுகிறது. நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி எப்போது ஓடலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்குமுன், மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். காய்ச்சலுக்கு முன்பு என்னுடையது 68. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் 92. பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறவரைக்கும் உடம்பு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாலண்டர் காலண்டர் மாதிரி தினமும் சமையலறைக் காலண்டரில் எழுதிவந்தேன். 90, 91, 88, 84. மொட்டைமாடியில் பத்து நிமிஷம் நடந்தேன். அப்புறம் தெருமுனைவரை. 76 ஆனபோது டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர், பாதி நடை, பாதி ஓட்டம். மூச்சு வாங்கிற்று. 15 ஓடினவள் 2-க்குத் திணறுகிறேனே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது பிறத்தியார் கதைகள்தான். நம் மா. சுப்பிரமணியன் இருக்கிறாரே, 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்து, 2021-இல் சுகாதார அமைச்சரானவர், அவருக்கும் சர்க்கரை வியாதி. 2004-இல் நடந்த சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடி. ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்து நூற்றுக்கும் அதிகமான அரை மராத்தான் ஓடியிருக்கிறார். அதைப் படித்ததும் என் கணவருக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது! இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப்புக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவர்தான் 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிஷம் 25 நொடியில் ஓடி உலக சாதனை செய்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜோன் பெனாய்ட். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வைத்ததே 1984-இல்தான். அதுவரைக்கும் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அமெரிக்காவின் தேர்வு ஓட்டத்துக்கு 17 நாள் முன்பு ஜோனுக்கு முழங்காலில் ஆபரேஷன். தேர்வில் ஜெயித்து, ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கப் பதக்கமும் வாங்கினார். இதில் நான் கவனித்தது வேறு. வலியோடு ஓடிக்கொண்டே இருக்கவில்லை அவர். ஓட முடியவில்லை என்று தெரிந்ததும் நின்று, வைத்தியம் பார்த்துக்கொண்டு, பிறகு ஓடினார். பதக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நின்ற நாட்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

இப்போது கார்த்திகை கடைசி. எச்பிஏ1சி காய்ச்சலுக்கு முன்பு 6.8 இருந்தது, இப்போது 7.3. டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை, இன்சுலின் நிறுத்தியாயிற்று, மாத்திரை பழையபடி. நான் 8 கிலோமீட்டருக்கு வந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்று ஒன்றரை கிலோமீட்டர்தான் கூட்டுவது, நாடி ஏறியிருந்தால் அன்று விடுமுறை என்று பேசி வைத்திருக்கிறோம். தை முடிகிறபோது 17 ஓட முடிந்தால் 21-க்குப் போவது, முடியாவிட்டால் ஆரோவில்லிலேயே 10 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கிறது, அதில் ஓடுவது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இன்று காலை நாடி 71. சனிக்கிழமையே மாவு அரைத்துவைத்துவிட்டால் ஞாயிறு காலை இட்லிக்குத் தான் பொறுப்பு என்று என் பெண் சொல்லியிருக்கிறாள். சட்னிக்கு அவள் அப்பா பொறுப்பாம். தேங்காய் உடைப்பது எப்படி என்று நேற்றிலிருந்து என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.